வெரிஃபை பண்ணின வீரனுக்கு

ஏலே பேரப்புள்ள, கிட்ஹப்ல கணக்குத் தொறந்துட்டியாமே, சந்தோசம். 'மெயில வெரிஃபை பண்ணு'ன்னு அவன் கேட்டதுக்கு மூக்குக்கு மேல கோவம் வந்துச்சாம்லா. வரத்தான் செய்யும், எம்மாம் பெரிய மனுசன் நீ! ரிஜிஸ்தர் தபாலுக்குக் கையெழுத்து வாங்குத மாதிரிதாம்லே அது. அந்த முகவரிக்குப் போன கடுதாசி உங் கையில சேந்துச்சான்னு பாக்கான், அவ்வளவுதான். நீ யோக்கியனான்னு அவன் கேக்கல. கேக்கணும்னா உங்க ஆச்சியத்தான் கேக்கணும்.

வெரிஃபை முடிஞ்சதும் காலாட்டிக்கிட்டுப் படுத்துட்ட. அங்கதான கூத்தே இருக்கு. புரொஃபைல்ல மெயில மறைச்சு என்ன புண்ணியம், கோடச் சேமிக்கும்போது போடுத ஒவ்வொரு கமிட்டுலயும் நீயே எழுதி வச்சுட்டுப் போறியே! 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் 'கிட்'ங்குத மென்பொருள உண்டாக்கினதுல இருந்தே அப்படித்தான். எழுதினவன் பேரும் மெயிலும் கமிட்டோடயே ஒட்டிக்கிட்டுப் போவும். 'கிட் லாக்' அடிச்சா எவனும் படிக்கலாம். அந்தச் சிரமங்கூட வேண்டாம், பொது ரெப்போன்னா கமிட்டுப் பக்கத்தோட லிங்க் கடைசில 'டாட் பேட்ச்'னு சேத்தாப் போதும், உன் முகவரி பல்லிளிச்சுக்கிட்டு நிக்கும்.

அழிச்சுப்போடுவேங்கியா? மெயிலையும் சேத்துத்தாம்லே கமிட்டுக்கு ஹாஷ்னு ஒரு அடையாளக் குறி போடுதான். ஒரு எழுத்து மாத்தினா அந்தக் கமிட்டு மட்டுமில்ல, அதுக்குப் பொறவு வந்த அம்புட்டுக்கும் ஹாஷ் மாறிப்போவும். ஏற்கெனவே குளோன் பண்ணி வச்சிருக்கவன் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் போயி கதவத் தட்டுவியோ?

அதனால மொதக் கமிட்டுக்கு முன்னாலயே சூதானமா இரு. செட்டிங்ஸ்ல மெயில் பக்கத்துல முகவரிய ரகசியமா வைக்க ஒரு பொத்தான் உண்டு. அதப் போட்டா 'நோரிப்ளை'ன்னு ஒரு டம்மி முகவரி தருவான். அத உன் கம்ப்யூட்டர்ல கிட் கான்ஃபிக்லயும் எழுதணும். எழுதலைன்னா நெசமான முகவரிதான் ஊர்வலம் போவும். பக்கத்துலயே இன்னொரு பொத்தான், ரகசிய மெயிலோட புஷ் பண்ணினா தடுத்துப்போடும். அதையும் போட்டு வையி. உன் ஞாபகசக்தி எனக்குத் தெரியாதா?

மறைச்சா மட்டும் போதாது, அந்த முகவரி கைவிட்டுப் போவாமலும் பாத்துக்கணும். சொந்த டொமைன்ல மெயில் வச்சிருக்கேன்னு மீசைய முறுக்காத. 2022 மே மாசம் பைபிஐ-ங்குத பைதான் பேக்கேஜ் கிடங்குல 'சிடிஎக்ஸ்'னு ஒரு பழைய பேக்கேஜ் களவு போச்சு. அத வச்சிருந்தவரு டொமைன் காலாவதியாயிருச்சு. ஒருத்தன் அந்த டொமைனக் காசு குடுத்து வாங்கினான், அதே மெயில உண்டாக்கினான், பாஸ்வேர்டு மறந்துபோச்சுன்னு ஒரு அமுக்கு! வெரிஃபை ஆன முகவரில்லா, மரியாதையா உள்ள விட்டாங்க. பேக்கேஜ இறக்கினவன் மிசின்ல இருந்த சாவியெல்லாம் உருவப் பாத்தான் பய. பொறவு 2025-லதான் பைபிஐ-காரங்க, டொமைன் காலாவதியானா வெரிஃபிகேஷனையும் ரத்து பண்ண ஆரம்பிச்சாங்க.

நீ கிட்ஹப்ல குடுத்திருக்கது காலேஜ் மெயிலு. படிச்சு முடிச்சதும் காலேஜ்காரன் அத மூடினா, பாஸ்வேர்டு மாத்தச் சொல்லி வார கடுதாசிய எங்க போயி வாங்குவ? சொந்தமா ஒரு மெயிலையும் அந்தக் கணக்குல சேத்து, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால வெரிஃபை பண்ணிட்டு வா.