திருடர் வெள்ளத்தோடு வர வேண்டும்!

கேள்வி: மகள் சென்னையில் ஹாஸ்டலில் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப், செல்போன், புது சைக்கிள் எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?
- வாசகி, களமருதூர்

பதில்: எடுக்கலாம். ஆனால் பாலிசிக்காரர்களின் அகராதியில் ‘திருட்டு’ என்றால் என்ன என்று முதலில் பாருங்கள். 2021 ஏப்ரலில் வந்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுப் பாலிசி, வீட்டுச் சாமான்களுக்கும் உண்டு. தீ, புயல், வெள்ளம் எல்லாவற்றுக்கும் பணம் தரும். திருட்டுக்கு? அப்படி ஏதாவது நடந்து, அதன் விளைவாக 7 நாளுக்குள் களவு போனால் தரும். அதாவது, திருடர் வெள்ளத்தோடு சேர்ந்து வர வேண்டும்! அதிலும் பாலிசியின் முகவரி களமருதூர், லேப்டாப் இருப்பது சென்னை என்றால் கதை கந்தல்.

தனியாகத் திருட்டுக் காப்பீடு எடுத்தாலும், பெரும்பாலும் பூட்டை உடைத்த அடையாளம் கேட்பார்கள். அறைத்தோழியோ கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டுக் குளிக்கப் போவாள்.

லேப்டாப்புக்கும் போனுக்கும் என்றே விற்கும் பாலிசி தேவலாம். விதிவிலக்குகளைப் படித்துவிட்டு வாங்குங்கள், பில்லைத் தொலைக்காதீர்கள். போனில் *#06# அழுத்தினால் வரும் ஐ.எம்.இ.ஐ. எண்ணைக் காலண்டர் அட்டையில் குறித்துவையுங்கள். தாளில் வேண்டாம், மறுநாள் கிழித்துவிடுவீர்கள். போன் தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் முடக்கலாம்.

சைக்கிளுக்கு, 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டு இருக்கிறது. ஒரு சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத்திலேயே போன் வரும்.