அட்டையில் இருந்த பெயர்கள்

இயற்பியல் படிக்கிற பிள்ளை கூடவே இலக்கியமும் தத்துவமும் வரலாறும் படிக்கலாம் என்பதை இன்று புதுமை என்று பேசுகிறார்கள். ஹரியானாவில் 2014-ல் தொடங்கிய அசோகா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அதற்கு ஆண்டுக்குப் பல லட்சம் கட்ட வேண்டும். 1980-களின் தொடக்கத்தில் அதே படிப்பை மதுரை அமெரிக்கன் கல்லூரியில், நெல் விற்ற காசில் கட்டணம் கட்டிய வீட்டுப் பையன்கள் படித்தோம்.

அமெரிக்க மிஷனரிகள் 1881-ல் பசுமலையில் தொடங்கிய கல்லூரி அது. பிறகு வைகைக்கு வடகரையில் தல்லாகுளத்துக்கு வந்தது. 1978-ல் தன்னாட்சி கிடைத்தது. அதுவரை கேள்வித்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். அதன் பிறகு பாடம் நடத்துகிறவரே கேள்வித்தாளையும் எடுத்தார். வெளியே இருப்பவருக்கு இது நிர்வாக விஷயமாகத் தெரியலாம். எங்களுக்கு அதுதான் எல்லாம். யாரோ எங்கோ எடுக்கப்போகும் கேள்விக்குப் பயந்து ஓடவேண்டிய கட்டாயம் ஆசிரியருக்கு இல்லாமல் போனது.

வெப்ப இயக்கவியலில் நீராவி எஞ்சின் வந்தபோது, எங்கள் ஆசிரியர் சமன்பாட்டை அப்படியே விட்டுவிட்டு, 1892-ல் மதுரைக்கு வந்த ஹார்வி மில்லைப் பற்றி ஒரு வகுப்பு முழுக்கப் பேசினார். பஞ்சு எங்கிருந்து வந்தது, கிராமத்து ஆட்கள் எப்படி ஷிப்டுக்குப் பழகினார்கள் என்றெல்லாம் சொன்னார். அப்பா மில்லில் வேலை பார்த்த பையன் ஒருவன் எழுந்து, சங்குச் சத்தத்தை வைத்து வீட்டில் உலை ஏற்றும் கதையைச் சொன்னான். மறுநாள்தான் சமன்பாட்டுக்குத் திரும்பினோம். எனக்கு அது இன்றும் மறக்கவில்லை.

நூலகத்துக்கு டேனியல் பூவர் பெயர். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1823-ல் செமினரி தொடங்கி, பிறகு மதுரைக்கும் வந்து பள்ளிக்கூடங்கள் நடத்தியவர் அவர். அந்நாளில் நூலகப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் காகித உறை ஒட்டியிருக்கும். அதற்குள் ஓர் அட்டை. எடுத்தவர்கள் பெயரும் தேதியும் அதில் வரிசையாக இருக்கும். மௌனியின் கதைத் தொகுப்பை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். எங்கள் வேதியியல் ஆசிரியரின் கையெழுத்து இருந்தது, பச்சை மையில். ஆய்வகத்தில் அமில வாடையோடு நிற்கிற மனிதர் மௌனியும் வாசிக்கிறவர் என்று எனக்குச் சொன்னது அந்த அட்டைதான். அடுத்த வாரம் பியூரெட்டைக் கழுவிக்கொண்டே மௌனியைப் பற்றிக் கேட்டேன். மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டிருந்தார்.

ஆசிரியர்கள் இப்படித்தான் துறை தாண்டி மாணவனுக்குக் கிடைத்தார்கள். தமிழ்த் துறையில் அப்போது பட்டிமன்றப் பேச்சாளர் சாலமன் பாப்பையா இருந்தார். அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியில் பட்டம் முடித்த இளைஞர்கள் ஈராண்டு தங்கி ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வருவார்கள். மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்து ரசம் சோற்றைக் கையால் பிசையப் பழகிக்கொண்டே, தங்கள் ஊர் நிறவெறியைப் பற்றிச் சொல்வார்கள். பதிலுக்கு எங்கள் ஊர் இரட்டைக் குவளையைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். என்னோடு பள்ளியில் முதலிடத்துக்குப் போட்டி போட்ட பெண்களில் பெரும்பாலோர் கல்லூரி வாசலையே பார்க்கவில்லை. இன்று தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பின்படி 47 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்து வரும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இதைவிட நல்ல மாற்றம் என் வாழ்நாளில் நடக்கவில்லை.

ஆனால் அந்தப் பெண்கள் வந்து சேர்கிற கல்லூரியில் நேரம் இல்லை. சமீபத்தில் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். இரண்டு ஷிப்டு. மதியம் முதல் ஷிப்டு பெஞ்சைக் காலி செய்தால்தான் இரண்டாவது ஷிப்டு உட்கார முடியும். கல்லூரியின் தரத்தை மதிப்பிட வரும் நாக் குழுவுக்கான கோப்புகளுக்குள் ஆசிரியர்கள் மூழ்கியிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் கணிதம் படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். செல்பேசியிலேயே கு. அழகிரிசாமியின் கதைகளை வாசித்திருக்கிறாள். "இதைப் பத்தியெல்லாம் யார்கிட்ட சார் பேசுறது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓடிவிட்டாள்.

பிள்ளைகள் செல்பேசியால் கெட்டுப்போனார்கள் என்கிற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் வாசித்ததே அதில்தான். அவளுக்கு இல்லாதது, பச்சை மையில் கையெழுத்துப் போட்ட அந்த ஆசிரியர். அவரும் எங்கோ ஒரு துறையில் இருக்கத்தான் செய்வார். அவருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு காலி வகுப்புகூடக் கால அட்டவணையில் இல்லை.

கல்லூரி முதல்வர்களிடம் கேட்பது இதைத்தான். வாரத்தில் ஒரு மணி நேரத்தை மதிப்பெண்ணும் வருகைப்பதிவும் இல்லாமல் விடுங்கள். எந்தத் துறைப் பிள்ளையும் எந்தத் துறை ஆசிரியரிடமும் போய் உட்காரட்டும். இதற்குப் பல லட்சம் ஆகாது.