பளிங்கு மாளிகையும் கூழ்ப் பந்தலும்

கேள்வி: பிரிட்டனின் ஜாஸ் ஸ்டோன் 16 வயதில் சோல் இசைத்தட்டு வெளியிட்டு உலகைக் கவர்ந்தார். நம் சேலம், நாமக்கல் பக்கம் அப்படியொரு குரல் உண்டா?

பதில்: உண்டு, எல்.ஆர்.ஈஸ்வரி. சேலத்தில் பிறந்தவர் இல்லையே என்பீர்கள். ஆனால் அந்தக் குரலின் துள்ளலுக்கு இடம் கொடுத்தவற்றில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள் முக்கியமானவை. 1966இல் வந்த ‘வல்லவன் ஒருவ’னில் ‘பளிங்கினால் ஒரு மாளிகை’யைக் கேளுங்கள். இசையமைப்பாளர் வேதா இந்தி மெட்டுகளை நிறைய எடுத்தாண்டவர்தானே என்றால், 2003இல் வந்த ஸ்டோனின் முதல் தட்டும் பெரும்பாலும் அமெரிக்கர்களின் பழைய பாட்டுகள்தான். மெட்டைக் கடன் வாங்கலாம். சொல்லின் நடுவே மூச்சை நிறுத்திச் சட்டென்று சிரிக்கும் அந்தத் துணிச்சலை யாரிடம் வாங்குவது? இப்படிப்பட்ட கிளப் பாட்டு மட்டமானது என்ற பேச்சையும் நான் ஏற்கமாட்டேன். சோல் இசையே கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டிலிருந்து மேடைக்கு வந்தது. ஈஸ்வரியின் குரல் எதிர்த்திசையில் நடந்தது: திரையில் மாளிகைக்குள் அழைத்த அதே குரல்தான் ஆடி மாதம் மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் கூழ் ஊற்றும் பந்தலுக்கு ஊரையே கூட்டிவருகிறது.