முதற்பெயர் தோஷம்: டென்னிஸ் திருஷ்டி பற்றிய ஓர் ஆராய்ச்சி

பெரியதொரு டென்னிஸ் போட்டி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்னதாக, பட்டத்தை வெல்லக்கூடியவர்கள் இன்னின்னார் என்று பத்திரிகைகள் பட்டியல் போடுவதும், அப்பட்டியலின் உச்சியில் ஒருவருடைய படத்தைப் பெரிதாகவும் மற்ற நால்வருடைய படங்களைத் தபால் தலை அளவிலும் அச்சிடுவதும், போட்டி முடிந்த மறுநாள் அந்தப் பட்டியலைப் பற்றி மூச்சுவிடாமல் வென்றவருடைய பால்ய பருவத்தை வர்ணிக்கப் புகுந்துவிடுவதும் நெடுங்காலமாக இருந்துவரும் சம்பிரதாயம். உச்சியில் படம் அச்சான அந்த ஒருவர் பின்னர் என்ன கதிக்கு ஆளானார் என்பதை முறைப்படி ஆராய்ந்த பண்டிதர் எவரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பட்டியலில் முதலாவதாகப் பெயர் ஏறுவதே ஆட்டக்காரனுக்கு நேரும் முதல் விபத்து என்பதும், அதற்கு முதற்பெயர் தோஷம் என்று பெயரிடலாம் என்பதும், அது திருஷ்டி வகையைச் சார்ந்தது என்பதும் இங்கு ஸ்தாபிக்கப்படும்.

இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்ற நீண்ட திருநாமத்தைச் சுருக்கி ஆர்.கே.பேட்டை என்று வழங்கும் எங்கள் ஊருக்கு இந்த ஆராய்ச்சியில் என்ன பாத்தியதை என்று வினவலாம். டென்னிஸ் மைதானத்தின் வெள்ளைக் கோடு ஒன்றையேனும் நான் அங்கே கண்டதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விசைத்தறியின் நாடா இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கும் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் ஓயாமல் பறக்கும் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஒரு பந்து வலைக்கு அப்பாலும் இப்பாலும் போய்வருவதன் தத்துவத்தைப் பிறர் போதிக்க வேண்டியதில்லை. நாற்பது என்ற எண் பிற ஊர்களில் டென்னிஸ் கணக்கிலே விளங்காத புதிராக இருப்பதாகக் கேள்வி. எங்களுக்கோ நாற்பது என்பது நூலின் நம்பர், அதற்கு மேல் அறுபதும் எண்பதும் உண்டு. மேலும், நெய்த துணியைப் புதிதாக உடுத்துமுன் அதன் ஓரத்தில் சிறிது மஞ்சள் தடவும் ஊர் அது. குறையே இல்லாத வஸ்து கண்ணை இழுக்கும், கண் பட்டால் பாவு அறும் என்பது தறிக்காரர் தர்மசாஸ்திரத்தின் முதல் சூத்திரம். புதிய கொட்டகையின் வாசலில் ஆகாச கருடன் கிழங்கும், லாரியின் முகப்பில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன. டென்னிஸ் வீரனுக்கு மட்டும் ஒன்றும் தொங்கவில்லை. அவனுடைய அவல நிலையைத் தொடங்கிவைப்பது இந்த அலட்சியமே.

காண்டல், கருதல், உரை என்று நம் முன்னோர் வகுத்த அளவைகளுள் இவ்வாராய்ச்சி மூன்றையும் கைக்கொள்கிறது. காண்டல் என்பது தொலைக்காட்சி. கருதல் என்பது தேநீர்க் கடை. உரை என்பது ஒரு விசைத்தறிக் கொட்டகைப் பெரியவருடைய வாக்கு. அவர் அதிகம் பேசாதவராதலின் அதன் பிரமாணம் மற்ற இரண்டையும்விட உயர்ந்தது.

சரித்திரத்திலிருந்து தொடங்குவோம். 1960 ஏப்ரல் முதல் தேதி, ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகவும் படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும், திருத்தணியோடு சேர்ந்து எங்கள் பகுதியும் ஆந்திரத்தினின்று நீங்கிச் சென்னை ராஜ்யத்தை அடைந்தது. மூன்று மாதத்துக்குள், சென்னை ராஜ்யத்தவரான ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டனில் அரையிறுதியை எட்டினார். இவ்விரண்டு சம்பவங்களுக்கும் காரண காரிய சம்பந்தம் உண்டென்று நான் வற்புறுத்தவில்லை. இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு மறுப்பவரைச் சார்ந்தது. அவ்வாண்டு கிருஷ்ணனை வென்ற நீல் ஃப்ரேசரே கோப்பையையும் வென்றார். மறு ஆண்டு, ராய் எமர்சனை வீழ்த்தி மீண்டும் அரையிறுதிக்கு வந்த கிருஷ்ணனை ராட் லேவர் வென்றார். அவரும் அப்படியே கோப்பையைக் கொண்டுபோனார். இவ்விரண்டு ஆண்டுகளிலும் கிருஷ்ணன்மீது உலகத்தின் கண் முழுமையாக விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1962இல்தான், தகுதி வரிசையில் நான்காவதாக அவரை அமர்த்தி, இவரும் வெல்லக்கூடியவர் என்று விம்பிள்டனே பறையறைந்தது. அந்த ஆண்டுதான் கணுக்கால் பிசகி, பாதி வழியில் அவர் போட்டியினின்று விலக நேர்ந்தது. இரண்டு வருஷம் ஓடிய கால், பெயர் வரிசையில் மேலேறிய வருஷம் மட்டும் ஏன் பிசக வேண்டும்? இதற்கு வைத்திய சாஸ்திரத்தில் பதில் உண்டு. ஆனால் அந்தப் பதில் கணுக்காலைப் பற்றியதே ஒழிய வருஷத்தைப் பற்றியது அன்று.

தகுதி வரிசையில் இடம் பெற்றவரை ஆங்கிலத்தில் ‘சீடு’ என்கிறார்கள். விதை என்று பொருள். வல்லவர்கள் முதல் சுற்றிலேயே தமக்குள் மோதி அழியாதபடி, விதையை இடைவெளி விட்டு ஊன்றுவதுபோல அட்டவணையில் எட்ட எட்ட அவர்களை வைப்பதால் வந்த பெயர். வைத்தவர்களுக்கு விவசாயம் அரைகுறையாகத்தான் தெரியும் போலும். வேர்க்கடலை விதைத்தவனைக் கேளுங்கள்: சாலின் முதல் விதையைத்தான் காக்கை கொத்துகிறது.

இனி நம் சோதனைச்சாலைக்கு வருவோம். நுங்கம்பாக்கத்து மைதானத்தில் 1997 முதல் 2017 வரை நடந்த சென்னை ஓப்பன் போட்டியை ஆராய்ச்சியாளனுக்குக் கிடைத்த அக்ஷய பாத்திரம் என்றே கூறலாம். 2007இல் பட்டியலின் உச்சியில் இருந்தவர் நடால். அரையிறுதியில் பெல்ஜியத்து மலிஸிடம் தோற்றார். 2009இல் டாவிடென்கோ, காயத்தால் விலகினார். 2010இல் ஸோடர்லிங், முதல் ஆட்டத்திலேயே வீடு திரும்பினார். 2011இலும் 2013இலும் பெர்டிச். இரண்டு முறையும் அரையிறுதிக்கு அப்பால் நகரவில்லை. 2017இல் சிலிச்; முதல் சுற்றில் ஆடாமலே தேறும் சலுகை பெற்று, இரண்டாம் சுற்றில் தம் முதல் ஆட்டத்தை ஆடி, ஸ்லோவாக்கியத்துக் கோவாலிக்கிடம் தோற்றுப் போனார். இதே சிலிச், முதல் விதையாக இராத 2009, 2010 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இங்கே பட்டம் வென்றவர் என்பதை நினைவூட்டினால் எதிர்க்கட்சிக்காரர்கள் தொண்டையைச் செருமிக்கொள்கிறார்கள்.

2008ஆம் ஆண்டைத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும், அது இச்சாஸ்திரத்தின் மூலபாடம் ஆதலால். மறுபடியும் நடாலே உச்சியில். அரையிறுதியில் அவரை எதிர்த்தவர் கார்லோஸ் மோயா: அவரும் நடாலைப்போல மயோர்க்கா தீவில் பிறந்தவர், அவருக்கு மூத்தவர், நண்பர், பிற்காலத்தில் அவருக்கே பயிற்சியாளராக அமர்ந்தவர். முதல் செட்டை டை பிரேக்கரில் மோயா வென்றார். இரண்டாவதில் தோல்வியின் விளிம்பிலிருந்து தப்பி நடால் வென்றார், அதுவும் டை பிரேக்கரில். மூன்றாவதும் டை பிரேக்கருக்கே போய் நடாலுக்கு வசமாயிற்று. மூன்றே செட் கொண்ட ஆட்டம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீண்டது. மறுநாள் இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் யூஷ்னி ஆறுக்குப் பூஜ்யம், ஆறுக்கு ஒன்று என்று நடாலைத் துடைத்தெறிந்தார். காசு கொடுத்து வந்த ஜனங்கள் உட்கார்ந்த இடம் சூடேறுமுன் எழுந்து போனார்கள். யூஷ்னி வெல்வார் என்று பேட்டையில் ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் வென்றார் என்பது என் துணிபு.

இங்கே பூர்வபட்சம் உரைப்பவர், திருவள்ளூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி கற்பிக்கும் நண்பர். அவர் சொல்வதாவது: நடால் தோற்றது களைப்பால், ஜனவரி மாதத்துச் சென்னைப் புழுக்கத்தில் நான்கு மணி நேரம் ஆடியவன் மறுநாள் எழுந்து நடப்பதே பெரிது, மேலும் முன்னணி வீரர்கள் சென்னைக்கு வருவது மெல்போர்னுக்கு முன் கைகால்களைச் சூடேற்றிக்கொள்வதற்கே, ஆகவே புதியவன் உயிரைக் கொடுத்து ஆடும்போது மூத்தவன் உடம்பைக் காத்து ஆடுகிறான், மூன்று செட் ஆட்டத்தில் ஒரு மணி நேரத் தடுமாற்றமே போதும், ஐந்து செட்டாயின் மீண்டுகொள்ளலாம். இதில் உண்மை இருக்கக்கூடும். ஆனால் உண்மையாக இருப்பது மட்டுமே ஒரு சித்தாந்தத்துக்குப் போதாது. அது எல்லாவற்றையும் விளக்கவும் வேண்டும். நடால் களைத்தது அரையிறுதி நீண்டதால். அரையிறுதி நீண்டது எதனால்? இந்தக் கேள்விக்கு நண்பர் மௌனம் சாதித்தார். அப்பொழுது பெரியவர் திருவாய் மலர்ந்தார்: “கண்ணு நேரா வந்து அடிக்காது சார். ஆள் வுட்டு அடிக்கும்.” மோயா அந்த ஆள் என்பது அதற்கு அடியேன் செய்த வியாக்கியானம்.

தோஷத்துக்கு விலக்குகள் உள என்பதை மறைத்தல் ஆராய்ச்சி நேர்மை ஆகாது. 1998இல் முன்னணி வீரராகவே வந்து, முன்னணி வீரராகவே வென்றவர் ஆஸ்திரேலியாவின் பாட்ரிக் ராஃப்டர். ஆனால் அவருடைய முகத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: வெயிலுக்கென்று சொல்லி மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைக் களிம்பைப் பட்டை பட்டையாக அப்பிக்கொண்டு ஆடுவது அவர் வழக்கம். குழந்தையின் கன்னத்தில் நாம் மையால் இடுவதை அவர் வெண்மையால் இட்டுக்கொண்டார், வேறுபாடு வர்ணத்தில்தான். 2014, 2015, 2016 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உச்சியில் நின்றும் வென்ற வாவ்ரிங்கா என் சித்தாந்தத்துக்குப் பெரும் இடையூறாகவே சில காலம் இருந்தார். பிறகுதான், தோல்வியைப் பற்றி ஸாமுவேல் பெக்கெட் எழுதிய வாசகம் ஒன்றை அவர் 2013இல் தம் இடது முன்கையில் பச்சை குத்திக்கொண்ட செய்தி கிட்டியது. வெற்றிக்குப் போகிறவன் தோல்வியைக் கையில் எழுதிக்கொண்டு போவதைவிடச் சிறந்த திருஷ்டி பரிகாரம் உண்டோ? அந்தக் கையோடு 2014இல் சென்னையை வென்ற அதே மாதத்தில் மெல்போர்னிலும் வென்றார், அதுவும் நடாலை. 2004, 2005 ஆண்டுகளில் வென்ற மோயாவுக்கு மட்டும் எனக்கு ஒரு சமாதானமும் அகப்படவில்லை. அடுத்த அத்தியாயத்துக்குப் போவோம்.

இரட்டையர் ஆட்டத்தில் பயஸும் பூபதியும் சென்னையில் ஐந்து முறை வென்றார்கள். திருஷ்டி ஒருவர்மேல் விழ வேண்டிய பொருள். இருவர் நின்றால் யார்மேல் விழுவது என்று அது தடுமாறிப் பொழுதைப் போக்கிவிடுகிறது. ஒற்றையர் ஆட்டத்தில் சோம்தேவ் தேவ்வர்மனுடைய சரிதம் இதைவிட நுட்பமானது. 2009இல் தனி அனுமதிச் சீட்டின் பேரில் நுழைந்த அவரை எந்தப் பட்டியலும் பொருட்படுத்தவில்லை. அந்த நிழலிலேயே நடந்து, மோயாவை வீழ்த்தி, நெட்டை கார்லோவிச்சை வீழ்த்தி, அரையிறுதியில் ஷூட்லர் விலகியதால் இறுதியையே அடைந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் தேசம் முழுவதும் ஏககாலத்தில் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. மாலையில் சிலிச் வென்றார். தோஷம் பற்ற ஒரு வாரமெல்லாம் தேவையில்லை, ஒரு காலைப் பொழுது போதும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் அறியேன். 2022இல் அதே மைதானத்தில் பெண்களுக்கான போட்டி நடந்தபோது, செக் நாட்டிலிருந்து வந்த பதினேழு வயதுச் சிறுமி லிண்டா ஃப்ருவிர்டோவா இறுதியில் மக்டா லினெட்டை வென்று பட்டம் பெற்றதையும் இத்துடன் சேர்த்து வாசிக்கலாம்.

பரிகாரம் என்ன என்று பத்திரிகாசிரியர்கள் கேட்பார்கள். பட்டியலையே நிறுத்துங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. புதுத் துணிக்குச் செய்வதுபோல, முதற்பெயரின் ஓரத்தில் மஞ்சள் மையால் ஒரு பிழையாவது அச்சிடலாம் என்பது என் யோசனை. பிழைக்குப் பஞ்சமில்லை, வர்ணத்தை மாற்றினால் போதும். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவருக்கென்று ஓர் அபிமான ஆட்டக்காரர் உண்டு என்பதும், அந்தப் பெயரை அவர் வாயால் எவரும் கேட்டதில்லை என்பதும் கொட்டகையில் பிரசித்தம்.

அந்தப் பெயரை நான் ஊகித்த இரவு 2019 ஜூலை 14. ஞாயிற்றுக்கிழமை ஆதலால் தறிகள் நின்றிருந்தன. லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின் இறுதி, விம்பிள்டனில் ஃபெடரருக்கும் ஜோகோவிச்சுக்கும் இறுதி, கொட்டகையில் ஒரே டி.வி., ஒரே ரிமோட். இரண்டு கட்சிக்கும் சண்டை மூண்டு, ஓவருக்கு ஓவர் சானல் மாறிக்கொண்டிருந்தது. காகித வரிசையில் அன்று ஜோகோவிச்தான் முதலாவது. ஆயினும் காகித வரிசையினும் வாய் வரிசை வலியது. ஐந்தாவது செட்டில் ஃபெடரர் எட்டுக்கு ஏழு என்று முந்தி, சர்வீஸும் தம் வசம் இருக்க, நாற்பதுக்குப் பதினைந்து என்ற நிலையை அடைந்தார். இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்டுகள், ஒன்றே போதும். “கப்பு ரோஜருக்குத்தான்!” என்று ஒருவன் கூவ, இருபது வாய்கள் அதை வாங்கிக் கூவின. பெரியவர் சட்டென்று எழுந்தார். “கம்முனு இருங்கப்பா,” என்றார். எவரும் கேட்கவில்லை. “உள்ள இழை அறுந்திருக்கு, பாத்துட்டு வரேன்,” என்று சொல்லித் தறிப் பக்கம் போய்விட்டார். ஓடாத தறியில் எந்த இழை அறும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த இரண்டு பாயிண்டுகளும் போயின. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு வரை இழுத்து, டை பிரேக்கரில் ஜோகோவிச் வென்றார். கொட்டகை அடங்கிவிட்டது. உள்ளே இருட்டிலிருந்து, “முடிஞ்சிதா?” என்று குரல் வந்தது. முடிந்தது என்றேன். யார் என்று அவர் கேட்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே அவர் வாசற்படிக்கு வந்தபோது, பையன்கள் ரிமோட்டைப் பிடுங்கிச் சானலை மாற்றியிருந்தார்கள். லார்ட்ஸில் ஆட்டம் சமநிலையில் முடிந்து சூப்பர் ஓவர் நடந்துகொண்டிருந்தது. “கப்பு நியூஸிலாந்துக்குத்தான்!” என்று இருபது வாய்களும் மறுபடி கூவின. பெரியவர் ஒரு கணம் எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு, வந்த வழியே தறிப் பக்கம் திரும்பினார்.