ஐந்து வினாடி முன்னதாக

ஒரு நெல்லுக்கு ரேடியோவின் பெயர் இருந்தது என்றால் என் பேரன் நம்ப மறுக்கிறான். ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களின் நடுவில் ஏ.டி.டி.27 என்ற குறுவை ரகத்தை வெளியிட்டது. திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிப் பேசியே தஞ்சாவூர் ஜில்லா வயல்களில் இறக்கிவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் எண் போட்டார்கள். ஜனங்கள் ‘ரேடியோ நெல்’ என்றார்கள். அப்பாவுக்குக் கடைசிவரை அது ரேடியோ நெல்தான்.

அதற்குப் பிறகு வானொலியில் வேளாண்மைப் பேச்சு வந்தால் வீட்டில் யாரும் இருமக்கூடக் கூடாது. பேச வருகிறவர்கள் படித்தவர்கள், ஹெக்டேருக்கு இத்தனை கிலோ என்பார்கள். எங்கள் நிலமோ மாவிலும் வேலியிலும் கிடந்தது. மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்தால், ஒரு ஹெக்டேர் கிட்டத்தட்ட ஏழரை மா. “வாயத் தொறந்தாலே ஏழரைதானா” என்று முனகிக்கொண்டே அப்பா விரல்விட்டுக் கணக்குப் போடுவார். தை பிறந்தால் உளுந்துப் பேச்சு: சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, ஈரம் காய்வதற்குள், நிற்கிற பயிருக்குள் விதைத்துவிட வேண்டும், பூக்கும்போது இரண்டு சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். கரைசல் புதுசு. விதைப்பு அப்படியல்ல, அப்பா வருஷா வருஷம் செய்துவந்ததுதான். ஆனாலும் அதையும் முதல்முறை கேட்பவர் போலத் தலையாட்டிக் கேட்பார். அவருடைய அப்பா சொன்னபோது இத்தனை பணிவு காட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

அவருடைய அப்பா, அதாவது என் தாத்தா, வானொலியை வேறு காரியத்துக்கு வைத்திருந்தார். எங்கள் ஊர் காவிரிக்குத் தென்கரை. அக்கரையில், காக்கை பறக்கும் வழியில் ஒரு மைலில், திருவையாறு. பகுள பஞ்சமியன்று ஆராதனைக்கு எங்கெங்கிருந்தோ ரயிலேறி வருவார்கள். தாத்தா மட்டும் பாலத்தைத் தாண்ட மாட்டார். “அங்க போனா முன்னால நிக்கிறவன் முதுகுதான் தெரியும். நாகரத்தினம்மா சொந்தக் காசைப் போட்டு சமாதி கட்டினது இவனுங்க தள்ளுமுள்ளு பண்றதுக்கா?” என்று சொல்லி, திண்ணையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ரத்தினங்களும் முடிகிறவரை வீட்டில் காபி கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காற்று நம் பக்கம் அடித்தால் அக்கரைக் குழாய் ஸ்பீக்கரும் கேட்கும். ஒரு மைலைக் கடக்க ஒலிக்கு ஐந்து வினாடி வேண்டும். ரேடியோவில் வருவதோ திருச்சி வரை போய்த் திரும்புகிற பாட்டு. ஆனாலும் அதுதான் முதலில் வரும். ஸ்பீக்கர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவரும். “பாத்தியா, வாசல் வழியா வர்றவனைவிட ஊரைச் சுத்தி வர்றவன் முந்திக்கிறான்” என்று தாத்தா பூரித்துப்போவார், தானே கண்டுபிடித்த விஞ்ஞானம் போல.

இப்போது என் கையில் இருக்கிற போன் ஆராதனையைப் படத்தோடு காட்டுகிறது. நேரலை என்று சிவப்பில் எழுத்து வேறு. அக்கரை ஸ்பீக்கரில் ஆரபி முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனில் முடிகிறது. நடுவில் ஒரு பற்பசை விளம்பரம். விஞ்ஞானம் வளர்ந்திருக்கிறது, அதில் சந்தேகமில்லை.

கிரிக்கெட்டிலும் இதே கதை. பேரன் போனில் ஐ.பி.எல். பார்க்கிறான். பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே அடுத்த வீட்டு டி.வி.யிலிருந்து சிக்ஸர் கூச்சல் வந்துவிடுகிறது. பாவம், அவனுக்கு எதுவுமே தெரியாமல் நடப்பதில்லை.

எங்களுக்கு சேப்பாக்கத்துப் பொங்கல் டெஸ்ட். அப்துல் ஜப்பார், கூத்தபிரான் குரலில் தமிழ் வர்ணனை வாய்த்த காலமும் உண்டு. 1982இல் ஆராதனை, பொங்கல், டெஸ்ட் எல்லாம் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. இருந்தது ஒரே ரேடியோ. டாஸ் ஜெயித்த இங்கிலாந்துக் கேப்டன் பிளெட்சர் நம்மை ஆடச் சொன்னார். அதற்காக வருந்த அவருக்கு நிறைய அவகாசம் கிடைத்தது. இரண்டாம் நாள், பொங்கலன்று, விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் காலையில் இறங்கி, பொழுது சாய்கிறவரை அவுட்டே ஆகவில்லை.

“நாள் பூரா ஒரு விக்கெட்கூட விழலயா? அப்புறம் எதுக்கு கேட்டீங்க?” என்கிறான் பேரன். நியாயமான கேள்விதான். 120 பந்தில் ஓர் இன்னிங்ஸே முடிந்துவிடுகிற காலத்துப் பிள்ளை.

அன்று கிரிக்கெட் என்றாலே முகம் சுளிக்கும் தாத்தா, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டு வந்து, “இன்னுமா அவனே ஆடுறான்?” என்று கேட்டபடி பக்கத்தில் உட்கார்ந்தார். தேநீர் இடைவேளைக்குள் விஸ்வநாத்தைச் சங்கீதக்காரராகவே ஏற்றுக்கொண்டுவிட்டார். “ஆலாபனையை அவசரப்படாம விரிக்கிறான்டா. பக்கவாத்தியக்காரனும் அடக்கமா போறான்.” விஸ்வநாத் 222, யஷ்பால் 140, இந்தியா நான்கு விக்கெட்டுக்கு 481 டிக்ளேர், ஆட்டம் டிரா. பிறகு இங்கிலாந்தின் டவரே ஐந்தரை மணி நேரம் நின்று 35 ரன் எடுத்தார். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தாத்தா மட்டும் கடைசிவரை கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “வெள்ளைக்காரனுக்குக் குரல் இல்லை. ஆனா காலப்பிரமாணம் அசையல.”