பனிமலை மேஸ்திரி

ஆகஸ்ட் மாதம். லண்டனில் அபூர்வமாக வெயில் கொளுத்துகிறது. ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு ஊரே பூங்காப் புல்லில் சாய்ந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து, மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்த வாட்ஸ்அப் குழு ஒன்று விழித்துக்கொள்கிறது. “இந்தக் குளிருக்கு எத்தனை பேர் வர்றீங்க?”

கேட்டவர் மேஸ்திரி. கும்பலாகப் பனிச்சறுக்குக்குக் கிளம்பும் பழக்கமுள்ள ஆங்கிலேய நண்பர் கூட்டம் எதை எடுத்தாலும் இப்படி ஒருவர் அகப்படுவார். யாரும் நியமித்ததில்லை, சம்பளமும் கிடையாது. பதினாலு பேரை ஆல்ப்ஸ் மலையில் ஏற்றி, ஏழாம் நாள் எலும்பு முறியாமல் இறக்கிவிடும் வேலையைத் தானாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர். கையில் கொத்துக்கரண்டிக்குப் பதிலாக எக்செல் அட்டவணை.

முதல் சிக்கல் தேதி. கூட்டத்தில் ஒருவர் பள்ளி ஆசிரியை. அவருக்கு பிப்ரவரியில் வரும் ஒரு வார லீவை விட்டால் வழியில்லை. அந்த வாரம் விமானக் கட்டணம் றெக்கை கட்டிப் பறக்கும். பிரான்ஸிலோ நாட்டை மூன்று மண்டலமாகப் பிரித்து, பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மாற்றி மாற்றிப் பள்ளி லீவு விடுகிறார்கள். எல்லாக் குடும்பங்களும் ஒரே வாரத்தில் மலையேறி நெரிந்துவிடக் கூடாதே என்றுதான். மேஸ்திரிக்கு இந்த மண்டலக் கணக்கு பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடம். பாரிஸ் மண்டலத்துப் பிள்ளைகளின் லீவு அவருக்கு ராகுகாலம்.

தேதி முடிந்து, “எந்த ஊர்?” என்று கேட்டதுதான் தாமதம்.

ஒருவருக்கு சுவிட்சர்லாந்தின் செர்மாட் வேண்டும். பெட்ரோல் வண்டிகள் நுழைய முடியாத ஊர்; கீழே டேஷ் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டு ரயிலேற வேண்டும். அவருக்கு வேண்டியது சறுக்கல்கூட இல்லை, 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன் சிகரத்துக்கு முன்னால் நின்று ஒரு படம். இன்னொருவருக்கு ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டன். மாலை நாலு மணிக்கு முன்பே சரிவோரக் குடிலில் பாட்டு ஆரம்பித்துவிடும். கனத்த பூட்ஸைக் கழற்றாமலே மேசைமேல் ஏறி ஆடலாம். ஆடி முடித்த பிறகும் ஊருக்குச் சறுக்கித்தான் இறங்க வேண்டும் என்பதை மேஸ்திரி நினைவூட்டுகிறார்.

மூன்றாமவர் வீரர். 1924இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஷாமொனிக்கே போக வேண்டும் என்கிறார். கேபிள் காரில் 3,842 மீட்டர் உயரமுள்ள எகுய் து மிடி வரை ஏறி, பனியாற்றின் மேல் இருபது கிலோமீட்டர் சறுக்கி இறங்குவதாகத் திட்டம். போன வருஷம் நாற்காலி லிஃப்டிலிருந்து எழுந்திருக்கத் தெரியாமல், மொத்த லிஃப்டையும் நிறுத்த வைத்தவர் இவர்தான்.

நாலாமவர் பனியைக் குளிர்பெட்டியில் மட்டுமே பார்த்தவர். ஐந்தாமவர் சறுக்கவே மாட்டார். வெந்நீர்க் குளம் இருந்தால் போதும். மற்ற எட்டுப் பேருக்கும் ஒரே பதில்: “எனக்கு எங்கேன்னாலும் ஓகே.” மேஸ்திரி நடுங்குவது இந்த எட்டுப் பேருக்குத்தான். ஊர் முடிவாகி முன்பணம் கட்டிய மறுநாள் இவர்கள்தான் வாய் திறப்பார்கள்.

இந்தச் சமயங்களில் மேஸ்திரிக்கு யோஹான்னஸ் பாத்ருட்டின் நினைவு வரும். சாங்க்ட் மோரிட்ஸில் ஹோட்டல் நடத்தியவர். 1864இல், கோடையில் தங்கியிருந்த நாலு ஆங்கிலேயரிடம், “குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் வழிச்செலவு என்னுடையது” என்று பந்தயம் கட்டினாராம். வந்தவர்கள் வசந்தம் வரை நகரவில்லை. ஆல்ப்ஸின் குளிர்காலச் சுற்றுலாவே அப்படித்தான் தொடங்கியது என்பது அந்த ஊர்க் கதை. மேஸ்திரி கதையை ரசிப்பார். வழிச்செலவு வரியை மட்டும் குழுவில் சொல்ல மாட்டார்.

அடுத்து உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஆறரை டிகிரி குளிர் கூடும். கீழே மழையாக விழுவது மேலே பனியாக விழும். அப்படியானால் 2,300 மீட்டரில் இருக்கும் வால் தோரான்ஸ்தானே பத்திரம்? பத்திரம்தான். ஆனால் அந்த உயரத்தில் மரம் கிடையாது. மேகம் இறங்கினால் தரை எது, வானம் எது என்று தெரியாது. தாழ்ந்த ஊர்களில் பாதையோர மரங்களை அடையாளம் வைத்தாவது இறங்கலாம்.

ஊர்கள் சொல்லும் எண்களையும் மேஸ்திரி அப்படியே நம்பிவிடுவதில்லை. கூர்ஷவெல்லின் உச்சிக் குடியிருப்புக்கு 1850 என்று பெயர் வைத்தார்கள். வரைபடத்தில் அளந்தால் சுமார் நூறு மீட்டர் குறைகிறது. போட்டி ஊரான வால் தீசேர் 1,850 மீட்டரில் இருந்ததே காரணம் என்பார்கள். சறுக்குப் பாதை நீளம் இன்னும் மோசம். ஜெர்மானிய ஆலோசகர் கிறிஸ்டோஃப் ஷ்ராஹே ஊர் ஊராக அளந்து பார்த்தார். வெர்பியேயை உள்ளடக்கிய நாலு பள்ளத்தாக்குப் பகுதி 412 கிலோமீட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அளவில் அதில் பாதிகூடத் தேறவில்லை. சறுக்குபவர் வளைந்து வளைந்துதானே இறங்குகிறார், அந்த வளைவையும் சேர்த்தோம் என்று சில ஊர்கள் விளக்கம் சொல்லின. சந்தைக்குப் போகிறவர் தள்ளாடி நடந்தால் சந்தை தூரமாகிவிடுமா என்று மேஸ்திரி பொருமினார்.

கடைசியில் அவோரியா. ஜெனீவா விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரச் சாலை, 1,800 மீட்டர், கார் நுழையாது, குதிரை வண்டி உண்டு. பிரான்ஸில் காலை உணவு, எல்லை தாண்டிச் சறுக்கி சுவிட்சர்லாந்தில் மதிய உணவு. சறுக்காதவருக்குக் கண்ணாடிக் கூரைக்கடியில் வெதுவெதுப்பான நீர்ப்பூங்கா. பதினாலு பேரில் ஒன்பது பேர், அந்த ஊரை முதலில் சொன்னது தாங்கள்தான் என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

டிசம்பரில் வாடகைக் கடைக்கு விவரம் போக வேண்டும்: உயரம், எடை, வயது, பூட்ஸ் அளவு, திறமை. பூட்ஸைச் சறுக்குக்கட்டையோடு பிணைக்கும் பைண்டிங்கை இதை வைத்துத்தான் முடுக்குவார்கள். விழும்போது கட்டை கழன்றுகொள்ள வேண்டும். அது கழலாவிட்டால் முழங்கால் கழலும். எடை குறைந்தால் பிடி தளரும். திறமை கூடினால் இறுகும். வயது ஐம்பதைத் தொட்டால் ஒரு படி தளர்த்த வேண்டும்.

வந்த பதில்களைப் பார்த்து மேஸ்திரி தலையில் கைவைத்தார். எல்லோரும் எடையில் ஆறேழு கிலோவைக் குறைத்திருந்தார்கள்; திறமையில் ஒரு படி ஏற்றியிருந்தார்கள். நாற்காலி லிஃப்டை நிறுத்தியவர் “தேர்ந்தவர்” என்று எழுதியிருந்தார். இரவெல்லாம் கூட்டிக் கழித்த மேஸ்திரிக்கு விடியற்காலையில் ஞானம் பிறந்தது. ஒரு பொய் திருகைத் தளர்த்துகிறது, மறு பொய் இறுக்குகிறது. முள் ஏறத்தாழச் சரியான எண்ணிலேயே வந்து நிற்கிறது. அப்படியே அனுப்பிவிட்டார்.

பிப்ரவரி, சனிக்கிழமை மாலை. அவோரியாவின் வாடகைக் கடையில் ஈரக் கையுறை வாடை. கடைப்பையன் பட்டியலில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுகிறான். பூட்ஸ் அடியை அளக்கிறான். ஒரு திருகு திருகுகிறான். மேஸ்திரியின் முறை வந்தது.

“வயசு நாற்பத்தொன்பது?”

மேஸ்திரி தலையாட்டினார். பின்னாலிருந்து ஆசிரியை எட்டிப் பார்த்தார். “நாற்பத்தொன்பதா? போன மார்ச்ல உன் ஐம்பதுக்குக் கேக் வெட்டினோமே!”

பதிமூன்று பேரும் திரும்பினார்கள். கடைப்பையன் திருப்புளியைத் திருகின் மேல் வைத்தபடி, எந்தப் பக்கம் திருப்புவது என்று காத்திருந்தான்.