மொட்டை மாடியும் இருபத்திரண்டு சதவீதமும்

சோலார் பேனலின் செயல்திறன் என்பது, அதன் மேல் விழும் வெயிலில் எத்தனை பங்கு கரண்டாக மாறுகிறது என்ற கணக்கு. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்து காட்டிய சிலிக்கான் மின்கலத்தில் அது சுமார் 6 சதவீதம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வீடுகளில் ஏறிய நீல நிற பாலிகிரிஸ்டலைன் பேனல்களில் 15, 16. இன்று கடைக்கு வரும், டாப்கான் (TOPCon) என்ற புதுவகை சிலிக்கான் பேனல்களில் 22க்கு மேல். பரீட்சையில் 22 வாங்கிய பிள்ளைக்கு வீட்டில் என்ன கிடைக்கும் என்பது தெரிந்ததே; அதே 22ஐப் பேனல் வாங்கினால் மட்டும் கூடுதல் விலை கொடுத்து மாடியில் ஏற்றி உட்கார வைக்கிறார்கள். பேனல் பக்கமும் நியாயம் உண்டு. ஒற்றை அடுக்கு மின்கலம் தாண்ட முடியாத எல்லை ஒன்று உண்டு என்று ஷாக்லியும் குவைசரும் 1961இலேயே கணக்கிட்டுவிட்டார்கள்; இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 33 சதவீதம். சிலிக்கானுக்கு எல்லை இன்னும் கீழே, 29 சொச்சம். கேள்வித்தாளே அவ்வளவுக்குத்தான்.

வீட்டுக்காரர்கள் முதலில் குழம்பும் இடம் ஒன்று உண்டு. செயல்திறன் கூடிய 3 கிலோவாட் அமைப்பு, குறைந்த 3 கிலோவாட்டைவிட இரட்டிப்புக் கரண்ட் தரும் என்று நம்புகிறார்கள். எந்தப் பேனலில் செய்தாலும் 3 கிலோவாட் 3 கிலோவாட்தான். மாறுவது இடம். 15 சதவீதப் பேனல்கள் சுமார் 215 சதுர அடி கேட்கும். 22 சதவீதப் பேனல்களுக்கு 150 சதுர அடி போதும். தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, இணைப்பு போய்ப் பல வருடமான டிஷ் ஆன்டெனா, கால் உடைந்தும் தூக்கிப்போட மனம் வராத பிளாஸ்டிக் நாற்காலி என்று ஏற்கெனவே குடியேறிவிட்டவை போக மிச்சமுள்ள மாடியில், இந்த 65 சதுர அடி சாதாரணமல்ல. கோடையில் வீட்டின் வடாம் இலாகா முழுவதும் அதற்குள் இயங்கிவிடும்.

அடுத்தது சூடு. பேனலின் மீது அச்சிட்ட வாட் கணக்கு, மின்கலம் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்தது. மே மாதத்து வேலூரில் 25 டிகிரி ஏ.சி. அறைக்குள்தான் உண்டு, அங்கே வெயில் வராது. வெயில் இருக்கும் மாடியிலோ பேனல் 65 டிகிரியைத் தொடும். கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் பழைய பாலிகிரிஸ்டலைன் ஏறத்தாழ 0.4 சதவீதம் இழக்கும், டாப்கான் 0.3 சதவீதம். நாற்பது டிகிரிக்கு முன்னது 16 சதவீதமும் பின்னது 12 சதவீதமும் தொலைக்கின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வராத இந்த முன்னேற்றம்தான் வெயில் ஊர்க்காரருக்கு அதிகம் உதவுவது.

மூன்றாவது நிழல். மின்கலங்கள் தொடராக இணைக்கப்பட்டவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் வரிசையே சோர்ந்துவிடும். சேதத்தைக் குறைக்க, நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்ட் போக வழிவிடும் பைபாஸ் டையோடு வந்தது. பேனலின் இரு பாதிகளும் தனித்தனியே உழைக்கும் அரைவெட்டு மின்கலமும் வந்தது. பக்கத்து வீட்டுத் தென்னைமரத்திடம் பேசிப் பார்க்கும் தொழில்நுட்பம் இன்னும் வரவில்லை. எச்சமிடும் காகங்களும் 15, 22 என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆராய்ச்சியாளர்கள் வருடக்கணக்கில் உழைத்துக் கூட்டிய ஒரு சதவீதத்தை, துடைக்காத தூசி ஒரே மாதத்தில் தின்றுவிடும். காலை வெயில் ஏறுமுன் ஒரு வாளித் தண்ணீரும் மென்மையான துடைப்பானும் அதை மீட்டுத் தரும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத்தண்ணீரை ஊற்றக் கூடாது.

கடைசியாக, எல்லா உறவினர் வட்டத்திலும் ஒருவர் இருப்பார்: "இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்க, புதுசு வருது." வருவது உண்மை. சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளைப் பூசிய இரட்டை அடுக்கு மின்கலம் 2024இல் ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டியது. ஈரமும் சூடும் பெரோவ்ஸ்கைட்டைச் சிதைக்கும் என்பதால், 25 ஆண்டு மாடியில் கிடக்கும் உறுதியை அது இனிமேல்தான் காட்ட வேண்டும். அதுவரை காத்திருப்பவர் கணக்கு இது: 3 கிலோவாட் அமைப்பு தமிழ்நாட்டில் நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். ஐந்து வருடம் பொறுத்தால் 20,000 யூனிட்டுக்கு மேல் வெயிலோடு போய்விடும். மானியத்துக்காகவும் கூடுதல் செயல்திறனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை: 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்ததும் கிலோவாட்டைப் பார்த்துத்தான். செயல்திறனுக்கெனத் தனிப்பரிசு அதில் இல்லை.

ஆக, மாடி சிறியதென்றால் செயல்திறன் கூடிய பேனலுக்குக் கூடுதலாகக் கொடுப்பது தகும். மாடி பெரியதென்றால் வாட்டுக்கு என்ன விலை, சூட்டில் எவ்வளவு இழப்பு, உத்தரவாதம் எத்தனை வருடம் என்ற மூன்றையும் கேட்டு வாங்கினால் போதும்.